வீட்டு டிபி பாக்ஸைத் திறக்கும் முன்: புதிய எலக்ட்ரீஷியன் எதை, எந்த வரிசையில் போட வேண்டும்

ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்கு வரும் தம்பிகளிடம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய பையை. கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், டெஸ்டர், இன்சுலேஷன் டேப், சுத்தியல், உளி எல்லாம் இருக்கும். கையுறை இருக்காது, பாதுகாப்புக் கண்ணாடி இருக்காது. கேட்டால், "வீட்டு வேலைதானே அண்ணே, மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே தொடப்போறோம்" என்பார்கள்.

மெயினை ஆஃப் செய்வதுதான் முதல் பாதுகாப்பு, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கரண்ட் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க டிபி-யின், அதாவது வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியின், மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்து, மல்டிமீட்டர் வைத்து, இல்லை என்று உறுதியாகும் வரை உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்குருவிலும் கரண்ட் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் கவசம் எல்லாம். அதனால் இந்தக் கட்டுரையை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் தனியாக டிபி வேலை பார்க்காதீர்கள். உதவியாளராக இருக்கும் காலத்தில் லைசென்ஸ் உள்ள வயர்மேன் பக்கத்தில் நிற்க வேண்டும். கையுறை, ரப்பர் ஷூ, ஹெல்மெட், லைன் டெஸ்டர் போன்றவற்றை மின்வேலை செய்பவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. உங்களை வேலைக்கு வைத்திருப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

230 வோல்ட் என்ன செய்யும்

உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். ஆனால் 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு குலையலாம். கரண்ட் பூமிக்குக் கசிந்தால் தானாக விழும் வீட்டு ஆர்.சி.சி.பி. சுவிட்சில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். சித்திரை வெயிலில், காற்றோட்டம் இல்லாத மாடிப்படி மூலையில் சட்டை நனைய நின்று வேலை செய்யும்போது தோலின் தடை இன்னும் குறையும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று நம்பி இறங்கவும் முடியாது. ஒரு கையில் ஃபேஸும் (கரண்ட் வரும் வயர்) மறு கையில் நியூட்ரலும் (திரும்பிப் போகும் வயர்) பட்டால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். கரண்ட் பூமிக்குக் கசியாததால் அது விழாது. அதற்கு முன்னால் இருக்கும் வயரைத் தொட்டாலும் அதனால் உதவி இல்லை.

ஷாக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஃபிளாஷைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு வீட்டு டிபி-யில் லூஸாக இருந்த எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) ஸ்குருவை இறுக்கிக்கொண்டிருந்தேன். மெயின் ஆஃப் செய்யவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, நிறுத்த வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார், நானும் சரி என்றேன். ஸ்குரூ டிரைவர் வழுக்கி ஃபேஸையும் இரும்புப் பெட்டியையும் சேர்த்துத் தொட்டது. எனக்கு ஷாக் அடிக்கவே இல்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான். புருவம் கருகியிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனி உருகிப் போயிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல உறுத்தல் தொடங்கி, இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு வருவதும் இதேதான். செம்பு உருகித் தெறித்த துளி ஒன்று கண்ணுக்குள் போயிருந்தால் இரண்டு நாளில் தீர்ந்திருக்காது.

அன்று என்னிடம் ஒரு சாதாரணக் கண்ணாடி இருந்திருந்தால் போதும். அதனால் பணம் குறைவாக இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்லும் வாங்கும் வரிசை இது: முதலில் கண்ணாடி, அடுத்து நல்ல மீட்டர், பிறகு கையுறை, அப்புறம் இன்சுலேட்டட் கருவிகள், கடைசியாக ரப்பர் மேட். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையுறை வரும் வரை கரண்ட் இருக்கக்கூடிய பெட்டிக்குள் நீங்கள் கை வைக்கக் கூடாது. கை வைக்கும் வேலையைச் சீனியர் செய்யட்டும், நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே: துணியும் நகையும்

முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட். பாலியெஸ்டர், நைலான் டி-சர்ட் வேண்டாம். பருத்தி தீப்பிடிக்கும், கருகும், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும், காயத்தை ஆழமாக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் மலிவான யூனிஃபார்ம் சட்டைகள் பெரும்பாலும் கலப்புத் துணி, உள்ளே இருக்கும் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கையை மடித்துவிட்டால் முழுக்கைக்கு அர்த்தமே இல்லை.

மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின், கையில் செம்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். குனியும்போது சட்டைக்கு வெளியே தொங்கும் செயின், பெட்டிக்குள் கரண்ட் ஓடும் உலோகப் பட்டையான பஸ்பாரைத் தொட்டுவிடும். மோதிரம் ஷார்ட் ஆனால் விரலைச் சுற்றி நெருப்பு வளையம் வைத்த மாதிரி சுடும். வேண்டுதலுக்காகப் போட்ட காப்பு, கழற்றவே வராது என்றால், அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றி, அதற்கு மேல் சட்டைக் கையை இறக்கி, நீளக் கையுறைக்குள் மறைத்துவிடுங்கள். கயிற்றில் கோத்த தாயத்தைச் சட்டைக்குள் போட்டு மேல் பட்டன் வரை பூட்டுங்கள்.

நிற்கும் இடம்

பெட்டிக்கு எதிரே போனதும் முதலில் தரையைப் பாருங்கள், பிறகு சுவரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவரில் இருக்கும் டிபி-யை அவசரம் இல்லாவிட்டால் திறக்காதீர்கள். பக்கத்தில் இரும்பு பீரோ, கிரில் கேட், தண்ணீர்க் குழாய் இருந்தால் முழங்கையோ முதுகோ அதில் படாத தூரத்தில் நில்லுங்கள். கரண்ட் உடம்புக்குள் வர ஒரு இடம் போல வெளியேற ஒரு இடம் வேண்டும், அந்த இடம் பெரும்பாலும் நாம் கவனிக்காத முதுகுப் பக்கம்தான்.

ரப்பர் மேட் வாங்கும்போது ஐ.எஸ். 15652 என்று மேட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் கிளாஸ் ஏ என்பது 2 மில்லி மீட்டர் தடிமன், 3.3 கிலோ வோல்ட் வரைக்கும் போதும். வீட்டு வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளம் வாங்கி, மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள். வாசலில் போடும் ரப்பர் மேட்டும், கார் மேட்டும் இதற்கு மாற்று ஆகாது. கறுப்பு ரப்பரில் கார்பன் கலந்திருக்கும், எவ்வளவு கரண்ட் விடும் என்று யாரும் சோதித்துக் கொடுத்ததில்லை.

ஹவாய் செருப்போடு வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே அதிகம். "ரப்பர்தானே" என்பார்கள். தேய்ந்த அடிப்பகுதி, ஈரத்தரை, செருப்பை விட்டு வெளியே நிற்கும் குதிகால், இந்த மூன்றில் ஒன்று போதும். தடித்த அடிப்பகுதியுள்ள மூடிய ஷூ வாங்குங்கள். சேஃப்டி ஷூ வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும்: ஆன்டி ஸ்டாட்டிக் என்று எழுதியது நம் வேலைக்கானது இல்லை. உடம்பில் சேரும் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கிவிடுவதற்காகச் செய்தது அது. நமக்குத் தேவை மின் ஆபத்துக்கு என்று குறித்து விற்கும் ஷூ.

ஏணி வேண்டும் என்றால் மரம், மூங்கில் அல்லது ஃபைபர். அலுமினிய ஏணியை வீட்டுக்காரர் அன்போடு எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்பு நாற்காலிக்கும் இதே பதில்தான்.

கண்ணாடி

பெட்டியின் மூடி ஸ்குருவில் கை வைக்கும் முன் கண்ணாடி ஏறியிருக்க வேண்டும். பாலிகார்பனேட் லென்ஸ், பக்கவாட்டிலும் மூடியது, இரும்பு ஃபிரேம் இல்லாதது. பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேலேயே போடுகிற பெரிய அளவு வாங்கலாம். த்ரீ ஃபேஸ் வீடு, பழைய கருகிய டிபி, மெயினுக்கு முன்னால் இருக்கும் வயரில் வேலை என்றால் கண்ணாடிக்கு மேல் முழு முகக்கவசமும் போடுங்கள். அதிலும் மின் ஃபிளாஷுக்கு என்று குறித்ததைக் கேட்டு வாங்குங்கள். புல் வெட்டுவதற்கான வலைக் கவசம் உருகித் தெறிக்கும் துளியைத் தடுக்காது.

மெயினை ஆஃப் செய்தால் வீடு இருட்டாகிவிடும். பேட்டரியில் எரியும் ஹெட்லைட் ஒன்று தலையில் இருக்கட்டும். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் முகத்தை நுழைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கையுறை: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

ஹார்டுவேர் கடையில் "கரண்ட் கிளவுஸ்" என்று கேட்டால் மூன்று நான்கு வகை எடுத்துப் போடுவார்கள். உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசிய துணிக் கையுறை, பாத்திரம் தேய்க்கும் கையுறை, ஆசிட் கையுறை, வெறும் "ஷாக் புரூஃப்" என்று மட்டும் அச்சிட்ட ஆரஞ்சு நிறக் கையுறை. எதையும் நம்பாதீர்கள். உண்மையான மின் கையுறையில் ஐ.எஸ். 4770 அல்லது ஐ.இ.சி. 60903 என்ற தர எண், கிளாஸ், அளவு, தயாரித்த தேதி எல்லாம் மணிக்கட்டுப் பக்கம் அச்சாகியிருக்கும்.

ஐ.இ.சி. தரத்தில் கிளாஸ் 00 என்பது 500 வோல்ட் வரைக்கும், கிளாஸ் 0 என்பது 1000 வோல்ட் வரைக்கும். 00 கையுறையை 2500 வோல்ட்டிலும், 0 கையுறையை 5000 வோல்ட்டிலும் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். வீட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டு ஃபேஸுக்கு இடையே 400-ஐ ஒட்டி. ஆக 00 போதும். அது அரை மில்லி மீட்டருக்குள் மெலிதாக இருப்பதால் சின்ன ஸ்குருவும் கைக்குத் தெரியும். 0 வாங்கினால் விரல் சற்று மந்தமாகும். கையுறை தடிமனாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிடுவோம் என்பது என் அனுபவம். அதனால் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்களுக்கு நான் 00-ஐத்தான் சொல்வேன்.

அளவுக்கு, கட்டை விரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அங்குலத்தில் அளந்து பாருங்கள். 9 அங்குலம் வந்தால் 9-ஆம் நம்பர். வேர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. ரப்பருக்கு வெளியே தோல் கையுறை. இந்தத் தோல் கையுறை ஷாக்கைத் தடுக்காது, வயர் நுனியும் பெட்டியின் விளிம்பும் ரப்பரைக் குத்தாமல் காப்பதுதான் அதன் வேலை. அதைத் தனியாகப் போட்டுக்கொண்டு கரண்டில் கை வைக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் போடும் முன் காற்றுச் சோதனை. மணிக்கட்டுப் பக்கத்தைப் பிடித்து விரல்களை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். உள்ளே அடைபட்ட காற்றில் விரல்கள் பலூன் போல உப்பும். அப்படியே காதருகே வைத்துக் கேளுங்கள், கன்னத்தருகே வைத்தும் பாருங்கள். சின்ன ஓட்டை இருந்தால் காற்று கசிவது தெரியும். விரல் இடுக்குகளை விரித்து வெடிப்பு, பிசுபிசுப்பு, நிறம் மாறிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்த கையுறையை வெட்டிக் குப்பையில் போடுங்கள், வெட்டாமல் போட்டால் வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையுறையை மின் சோதனைக்கு அனுப்புவார்கள். தனியாக வேலை பார்க்கும் நமக்கு அது எளிதல்ல, அதனால் நாளைக் குறித்து வைத்துப் புதிது வாங்கிவிடுவது நல்லது.

கருவியும் மீட்டரும்

ஸ்குரூ டிரைவரின் பிடியிலிருந்து நுனி வரை இன்சுலேஷன் ஏறியிருக்க வேண்டும், 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் இருக்க வேண்டும். சாதாரண ஸ்குரூ டிரைவரில் டேப் சுற்றி அதே மாதிரி ஆக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டேப் சூட்டில் இளகி நகரும்.

மல்டிமீட்டரில் கேட் 3 (எந்த இடத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வகை எண்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிபி பாக்ஸுக்கு கேட் 3, 600 வோல்ட். சர்வீஸ் வயர் வந்து சேரும் மீட்டர் போர்டு பக்கம் கேட் 4. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் இது இருக்காது, இருந்தாலும் கூடவே வரும் வயர் நம்பும்படி இருக்காது. மீட்டரை ஆம்பியர் பாயின்ட்டில் விட்டுவிட்டு வோல்ட் பார்ப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அது நேரடி ஷார்ட்.

நியான் டெஸ்டரை நம்பி இறங்காதீர்கள். அதன் வேலையே உங்கள் உடம்பு வழியாகத் துளிக் கரண்டை விட்டு எரிவதுதான். நீங்கள் மின் கையுறை போட்டு, ரப்பர் மேட்டில் நின்று அதைப் பிடித்தால் ஃபேஸ் இருந்தாலும் எரியாமல் போகலாம். எரியவில்லை, கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையுறையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரும் ஒரு முதல் குறிப்புக்குத்தான்.

ஆஃப் செய்வது, பூட்டுவது

முதலில் எம்.சி.பி.-களை ஒவ்வொன்றாக இறக்குங்கள், கடைசியில் மெயின். லோடு ஓடும்போது மெயினை வெட்டினால் உள்ளே பொறி அதிகம். எம்.சி.பி.-க்கான பிளாஸ்டிக் பூட்டு கிடைக்கிறது, வாங்கி மாட்டிச் சாவியைப் பையில் போடுங்கள். "ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்" என்று தமிழில் எழுதிய அட்டையையும் தொங்கவிடுங்கள். மெயின் சுவிட்ச் கீழ்த் தளத்தில் இருக்கும் வீடுகளில் இது உயிர் காக்கும். ஃபேன் நின்றுவிட்டதே என்று பாட்டி ஒருவர் போய்ப் போட்டுவிடுவார்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், வீட்டுக்காரர் மறந்திருந்தாலும் நீங்கள் தேடிப் பாருங்கள். மெயின் போனதும் அது தானாக உயிர்பெற்று அதே பெட்டிக்குள் இருக்கும் சில வயர்களுக்கு 230 வோல்ட் கொடுக்கும். அதன் அவுட்புட்டையும் நிறுத்துங்கள். ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவரும், மாடியில் சோலாரும் இருந்தால் அவற்றையும். சோலாரில் வெயில் இருக்கும் வரை டிசி வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வீட்டு மின் மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட்-அவுட்டும் (ஃபியூஸ்) சீலும் மின்வாரியத்தின் சொத்து. அங்கே நிறுத்த வேண்டிய வேலை என்றால் பிரிவு அலுவலகத்தில் சொல்லி அவர்கள் ஆள் வந்து செய்யட்டும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

திறந்து பார்ப்பது

இப்போது மேட்டில் நின்று, கண்ணாடி, கையுறையோடு மூடியைக் கழற்றுங்கள். மூடியை இரண்டு கையாலும் நேராக உங்களை நோக்கி இழுங்கள், சரித்தால் விளிம்பு உள்ளே படும்.

மீட்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் முதலில் பாருங்கள், பக்கத்து வீட்டு பிளக் பாயின்ட் ஆனாலும் சரி. பிறகு டிபி-யில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். முடிந்ததும் மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள். நடுவில் மீட்டரின் வயர் அறுந்திருந்தாலும் சைபர்தான் காட்டும், அதனால்தான் இந்த மூன்றாவது சோதனை. முடிந்தவரை கறுப்பு வயரை முதலைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் தொட்டுப் பாருங்கள். இரு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

நியூட்ரலை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வயரை மட்டும் வெட்டும் சிங்கிள் போல் எம்.சி.பி. நியூட்ரலை வெட்டும், ஃபேஸ் அப்படியே இருக்கும். கறுப்பு வயர் என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த் என்பது புத்தகத்தில். சுவருக்குள் மேஸ்திரி அன்றைக்குக் கையில் இருந்த நிறத்தை இழுத்திருப்பார். இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள், நீங்கள் கழற்றிய கறுப்பு வயரின் நுனியில் யாரோ போட்ட மோட்டார் வழியாகக் கரண்ட் வந்து நிற்கும்.

இல்லை என்று உறுதியான பகுதியில் கையுறையைக் கழற்றி வேலை பார்க்கலாம். ஆனால் மெயின் ஐசோலேட்டருக்குள் (மெயின் சுவிட்ச்) நுழையும் வயரும் அதன் ஸ்குருவும் மெயின் ஆஃப் ஆனாலும் செத்துப்போகாது, பெட்டி திறந்திருக்கும் நேரம் முழுவதும் அங்கே கரண்ட் இருக்கும். கையுறையோடு இருக்கும்போதே அதன் மேல் இன்சுலேஷன் மூடியோ இன்சுலேட்டிங் ஷீட்டோ போட்டு மறைத்துவிடுங்கள். நான் சிவப்பு டேப்பால் அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு கட்டமும் ஒட்டிவிடுவேன், வேலை மும்முரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

கூட ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு மெயின் எங்கே என்று காட்டிவிட்டுத் தொடங்குங்கள். உங்களுக்கு ஷாக் அடித்தால் இழுக்க ஓடி வராமல் மெயினை நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளட்டும், பிறகு 108. மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டி மீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இருவரும் ஒருநாள் உட்கார்ந்து தலையணையில் பழகிக்கொள்ளுங்கள்.

மூடிய பிறகு

கருவிகளை எண்ணிப் பாருங்கள், வெட்டிய வயர்த் துண்டுகளைப் பிரஷால் எடுங்கள். கண்ணாடியையும் கையுறையையும் மறுபடி போட்டு, மறைப்பை எடுத்து, மூடியைப் பூட்டிய பிறகுதான் மெயினைப் போட வேண்டும். போடும்போது பெட்டிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுங்கள். பழுது ஏதாவது மிச்சம் இருந்தால் அந்த நொடியில்தான் வெடிக்கும். மெயின் விழாமல் நின்றதும் எம்.சி.பி.-களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், ஆர்.சி.சி.பி.-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று வீட்டுக்காரர் கண் முன்னால் காட்டுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ரப்பர் கையுறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, மடிக்காமல் தனிப் பையில் போடுங்கள். பைக் டிக்கியில் பிளேயருக்கு அடியில் கிடந்தால் வெயிலும் எண்ணெயும் சேர்ந்து ஒரு கோடையிலேயே வெடிப்பு வந்துவிடும்.